கல்லும் நீரோட்டமும் போதும், கோமு

அன்புள்ள கோமு,

நீ கடல் மீன்தொட்டி வைக்கப்போகிற சேதி உன் கடிதத்துக்கு முன்பே எனக்கு வந்துவிட்டது. உன் நாத்தனார்தான் போனில் சொன்னாள். "அண்ணி ரெண்டடி கண்ணாடிப் பெட்டிக்கு நகைச்சீட்டுப் பணத்தையே எடுத்துட்டாங்களாம்" என்று அவள் இழுத்த இழுப்பை நீ கேட்டிருக்கவேண்டும். நானும் சும்மா இல்லாமல், "அண்ணன் பைக் வாங்கக் கொட்டினதுக்கு இது தேவலாம்" என்று சொல்லிவைத்தேன். இந்நேரம் அது கோயம்புத்தூர் வந்து உங்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கும். அண்ணன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தால் காரணம் நான்தான், நீ இல்லை.

சரி, நீ அனுப்பிய பட்டியலுக்கு வருகிறேன். கானிஸ்டர் ஃபில்டர், பயோபால் ஒரு மூட்டை, யு.வி. விளக்கு, ஏதோ ஒரு ரியாக்டர், கடைசி வரியில் போனால் போகிறது என்று சின்னதாக ஒரு வேவ்மேக்கர். எழுதிக்கொடுத்த கடைக்காரருக்கு வீட்டில் விசேஷம் ஏதோ நெருங்குகிறது போலிருக்கிறது. முதல் நாலையும் அடித்துவிட்டு, தண்ணீரைச் சுழற்றுகிற அந்தக் கடைசி வரியைப் பெரிதாக எழுது. கடல் தொட்டியில் தண்ணீரைச் சுத்தம் செய்வது ஃபில்டர் பெட்டி இல்லை கோமு. கல்லும், அந்தக் கல்லின் மேல் ஓடுகிற தண்ணீரும்தான். மற்றதெல்லாம் அவற்றுக்குக் கைவேலை செய்யும் ஆட்கள்.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. இந்தோனேசியாவில், ஜகார்த்தாவில், லீ சின் எங் என்று ஒருவர் இருந்தார். வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் தொட்டியின் அடியில் சரளை போட்டு, அதற்கடியில் ஃபில்டர் வைத்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலத்தில், கடலிலிருந்து உயிரோடிருக்கிற கல்லை எடுத்துப் போட்டு, கடல் தண்ணீரை ஊற்றி, காற்றுக்குமிழ் மட்டும் விட்டு, பவளத்தை வாழவைத்துக் காட்டினார். 1961இல் அமெரிக்க மீன் பத்திரிகை ஒன்றில் அதை எழுதவும் செய்தார். அப்போது பெரிதாக யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிற்பாடு பெர்லின்காரர்கள் அதே கல்லோடு, கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மர் ஒன்றையும் பளிச்சென்ற விளக்கையும் சேர்த்தார்கள். ‘பெர்லின் முறை’ என்று பெயராகிவிட்டது. சமைத்தது யாரோ, பந்தியில் பேர் வாங்கியது யாரோ. நம் ஊர்க் கல்யாணங்களில் பார்க்காததா?

கல் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டாயே. மீன் கழிப்பதும், தின்னாமல் விட்ட தீனியும் அழுகி அம்மோனியா ஆகும். அது மீனுக்கு விஷம். கல்லின் மேல்பரப்பில் ஒட்டி வாழும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். நைட்ரேட் அவ்வளவு கொடியதில்லை, ஆனால் சேரச்சேரப் பாசி பிடிக்கும். கல்லின் உள்பொந்துகளில் ஆக்சிஜன் குறைந்த இடத்தில் வேறொரு கூட்டம் உட்கார்ந்து, அந்த நைட்ரேட்டை உடைத்து வெறும் நைட்ரஜன் வாயுவாக வெளியே அனுப்பிவிடும். இத்தனையும் நடக்கக் கல் துளைத்துளையாக இருக்கவேண்டும், தண்ணீர் அதை உரசிக்கொண்டே போகவேண்டும். தேங்கிய தண்ணீரில் எவ்வளவு நல்ல கல்லும் வெறும் பாரம்தான்.

ஆனால் கல்லுக்காக ராமேஸ்வரம் பக்கம் ஆள் பிடிக்காதே. உன் சித்தப்பா மகன் "மண்டபத்துல நமக்குத் தெரிஞ்ச படகுக்காரர் இருக்கார்" என்று வாய்விட்டதாக எழுதியிருக்கிறாய். அவன் வாயை முதலில் அடை. 2001இலிருந்து பாறைப் பவளங்கள் எல்லாமே வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்குப் பக்கத்து இருக்கை. கடல்விசிறிக்கும் கடல்குதிரைக்கும் அதே சட்டத்தின் காவல் உண்டு. செத்த பவளத்தின் எலும்புக்கூட்டை வைத்திருந்தாலும் கேஸ்தான். இங்கே சென்னையில் ஒரு கடைத் தம்பி, பெயர் வேண்டாம், என்னைத் தனியே கூப்பிட்டு, "அக்கா, உள்ள குதிரை இருக்கு, பாக்குறீங்களா" என்று ஏதோ கள்ளச்சாராயம் விற்கிற மாதிரி கிசுகிசுத்தான். குதிரை வாங்குகிற வயசு எனக்கு இல்லை தம்பி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கடல் கல்லுக்குப் பதிலாகச் செயற்கையாக வார்த்து விற்கிற துளைக்கல் கிடைக்கிறது. உன் தொட்டிக்கு எட்டுக் கிலோ தாராளம். குப்பியில் விற்கும் பாக்டீரியாவை ஊற்றி, துளி அம்மோனியா காட்டினால் அந்தக் கல் மெல்ல உயிர்பிடிக்கும். நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் கிடையாது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் "மீன் எங்கே, மீன் எங்கே" என்று பிராணனை வாங்குவார்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டுகிறவரை நீ காதில் பஞ்சு வைத்துக்கொள்.

இனி மேல்தொட்டிக்கும் கீழ்த்தொட்டிக்கும் உள்ள சம்பந்தத்தைச் சொல்கிறேன். இதில்தான் குடும்பங்கள் பிரிகின்றன.

எங்கள் மூணாவது மாடி பாங்க்காரர் கதை உனக்குத் தெரியாது. ரிட்டயர் ஆன கையோடு கடல் தொட்டி வைத்தார். தொட்டிக்குக் கீழே ஸ்டாண்டுக்குள் சம்ப். மேலிருந்து தண்ணீர் அதில் இறங்கி, சுத்தமாகி, ரிட்டர்ன் பம்ப் மூலம் மறுபடி மேலே ஏறும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கண்ணாடியில் ஓட்டை போட மாமி விடவில்லை. அதனால் தொட்டியின் விளிம்பில் தொங்குகிற ஒரு பெட்டியை மாட்டி, வளைந்த குழாய் வழியாக சைஃபனில் தண்ணீரை இறக்கினார். ஒருநாள் ராத்திரி கரண்ட் போய் வந்தது. சைஃபன் குழாயில் காற்று புகுந்துவிட்டது, தண்ணீர் இறங்கவில்லை. பம்புக்கு அது தெரியுமா? கீழே இருந்த அத்தனையையும் மேலே தள்ளியது. விளிம்பு தாண்டி, ஸ்டாண்டு நனைந்து, தரைக்குள் இறங்கி, இரண்டாவது மாடிக்காரர்கள் புதிதாகப் போட்ட ஃபால்ஸ் சீலிங் வழியாகச் சொட்டியது. மறுநாள் காலை அவர்கள் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள்! சம்பந்தம் என்னவோ கூடிவிட்டது. ஆனால் பத்திரிகை மூணாவது மாடிக்குப் போகவில்லை. மாமி இன்றைக்கும் லிஃப்டில் அவர்களைப் பார்த்தால் படியிறங்கிவிடுகிறாள்.

ஆகவே தொட்டியில் ஓட்டை போடத்தான் வேண்டும். செய்கிறவரிடம் முதலிலேயே கேள்: பின்பக்கக் கண்ணாடி டஃபன் செய்ததா என்று. டஃபன் கண்ணாடியில் ட்ரில் வைத்தால் அப்படியே பொலபொலவென்று உதிர்ந்துவிடும். சாதாரணக் கண்ணாடியில்தான் துளை விழும். துளை ஒன்றாக இருக்கக் கூடாது, இரண்டு. ஒரு குழாயில் வால்வு வைத்து, முழுக்கத் தண்ணீர் நிறைந்து ஓடும்படி திருகிக்கொள். காற்று கலக்காததால் ‘களக் களக்’ சத்தமே இருக்காது. இரண்டாவது குழாய் சற்று உயரத்தில் சும்மா நிற்கும். முதல் குழாயை நத்தை போய் அடைத்துக்கொண்டால் அதன் வழியாக இறங்கும். அது இறங்குகிற சத்தம் கேட்டாலே முதல் குழாயில் ஏதோ கோளாறு என்று தெரிந்துகொள்ளலாம். எங்கள் அத்தைக்குக் காது மந்தம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். எங்கள் தொட்டியில் ஒற்றைக் குழாய் இருந்தவரை "ராத்திரி முழுக்க யாரோ கொப்புளிக்கிறா" என்று அவர்தான் முதலில் சொன்னார். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அவர் எதிரில் யாரும் ரகசியம் பேசுவதில்லை.

கரண்ட் போனால் மேலிருந்து கொஞ்சம் தண்ணீர் கீழே வரத்தான் செய்யும். ரிட்டர்ன் குழாயின் வாய் ஆழத்தில் இருந்தால் அதுவே சைஃபனாகித் தொட்டியில் பாதியை இறக்கிவிடும். வாய் நீர்மட்டத்துக்கு ஒரு விரற்கடை கீழே மட்டும் இருக்கட்டும். மட்டம் கொஞ்சம் இறங்கியதும் காற்று புகுந்து நின்றுவிடும். தண்ணீர் திரும்பாமல் தடுக்கிற வால்வை மட்டும் நம்பாதே, அதில் உப்பும் பாசியும் படிந்து ஒருநாள் மூடாது.

சம்புக்குள் தண்ணீர் முதலில் ஒரு துணிப்பையில் விழட்டும். ஃபில்டர் சாக் என்பார்கள். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை கழற்றி அலசு. வாரக்கணக்கில் விட்டால் அழுக்கைப் பிடிக்கவேண்டிய பையே அழுக்கை அழுகவைத்து நைட்ரேட் காய்ச்சும். அடுத்த அறை ஸ்கிம்மருக்கு. 2019 டிசம்பரில் இங்கே மெரினா கரையெல்லாம் வெள்ளை நுரை பொங்கி, பிள்ளைகள் அதில் குதித்துப் படம் எடுத்துக்கொண்டதை டி.வி.யில் காட்டினார்களே, நினைவிருக்கிறதா? மழை வெள்ளத்தோடு வந்த சாக்கடையும் சோப்புக் கழிவும் அலையில் அடிபட்டு நுரையானதுதான் அது. ஸ்கிம்மர் அதே வேலையை ஒரு குழாய்க்குள் செய்கிறது. தண்ணீரில் கரைந்த சில கழிவுகளுக்கு ஒரு முனை தண்ணீரைப் பிடிக்கும், மறுமுனை காற்றைத் தேடும். பொடிக் குமிழ்களை விட்டால் அவை குமிழின் தோலில் ஒட்டிக்கொண்டு மேலே ஏறி, கழுத்தில் நுரையாகி, கோப்பையில் வழியும். உப்புத் தண்ணீரில்தான் குமிழ் இவ்வளவு பொடியாக நிற்கும். அதனால்தான் நன்னீர்த் தொட்டிக்காரர்களுக்கு இந்தப் பாக்கியம் இல்லை.

புது ஸ்கிம்மர் முதல் சில நாட்கள் ஒன்றும் எடுக்காது, இல்லாவிட்டால் வெறும் தண்ணீரைக் கொட்டும். வால்வைப் போட்டு நோண்டாதே. தானாகப் பழகும். பழகிய பிறகு பார், உள்ளே தண்ணீர் தெரியாமல் வெள்ளையாகக் குமிழ் நெரியும், கோப்பையில் டிகாஷன் நிறத்தில் கெட்டியாக ஒன்று சேரும். நாற்றம் குடலைப் புரட்டும். எங்கள் வீட்டுக்காரர் ஒருநாள் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு மத்தியானச் சாப்பாடே வேண்டாம் என்றார். மிச்சமான மோர்க்குழம்பு எனக்கு ராத்திரிக்கு ஆயிற்று.

ஸ்கிம்மர் அறையைப் பற்றி யாரும் சொல்லாத ஒன்று: அது வீட்டுக் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீரில் கலக்கிறது. நீ கூடத்தில் கொசு மருந்து அடித்தால் நேராகத் தொட்டிக்குள் அடித்த மாதிரி. கொசு மருந்தில் இருக்கும் சமாச்சாரம் இறாலுக்கும் நண்டுக்கும் எமன். வெள்ளிக்கிழமை சாம்பிராணியையும் தள்ளியே போடு.

இப்போது நீ சின்னதாக எழுதிவைத்த கடைசி வரி. உன் தொட்டி அறுபது, நாற்பது, நாற்பது செ.மீ. கணக்குப்படி 96 லிட்டர். கல்லும் மணலும் போக எண்பது என்று வை. சம்ப் வழியாகப் போய்வருகிற தண்ணீர் மணிக்கு நாலைந்து மடங்கு இருந்தால் போதும். ஆனால் பம்ப் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பாதே. அது தூக்கவேண்டிய உயரமே இல்லாதபோது வருகிற அளவு. ஒரு மீட்டர் ஏறி, இரண்டு எல்போ திரும்பினால் பாதி காணாமல் போகும். தொட்டிக்குள்ளே சுழல்கிற நீரோட்டம் வேறு. அதை வேவ்மேக்கர்தான் தரவேண்டும். மென்பவளத்துக்கு மணிக்குப் பதினைந்து, இருபது மடங்கு. அதாவது 1,200 முதல் 1,600 லிட்டர்வரை.

ஏன் இத்தனை என்றால், பவளம் நடந்துபோய் மூச்சு வாங்க முடியாது. அதன் தோலை ஒட்டி நகராத மெல்லிய நீர்ப்படலம் ஒன்று எப்போதும் இருக்கும். ஆக்சிஜனும் தீனியும் உள்ளே போவதும், கழிவு வெளியே வருவதும் அதைக் கடந்துதான். ஓட்டம் பலமானால் படலம் மெலியும். ஓட்டம் செத்தால் பவளம் தன் கழிவிலேயே மூழ்கும். என்னிடம் ஒரு லெதர் பவளம் இருக்கிறது, குடைக்காளான் வடிவம். திடீரென்று கொம்புகளை எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு, மேல் முழுக்க மெழுகு பூசியதுபோல் பளபளவென்று கிடக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் செத்தேபோயிற்று என்பார்கள். அது சட்டை உரிக்கிறது. பாசி, அழுக்கு எல்லாம் ஒட்டிய மேல்தோலைக் கழற்றுகிறது. வேவ்மேக்கரை அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பிவிட்டால் ஓரத்தில் ஒரு மெல்லிய ஜவ்வு கிளம்பி, படபடத்து, பிய்ந்து, சம்பின் துணிப்பைக்குப் போய்ச்சேரும். மறுநாள் குட்டிக் குட்டிக் கைகளை நீட்டிக்கொண்டு ஒன்றுமே நடக்காத மாதிரி நிற்கும். ஓட்டமில்லாத மூலையில் வைத்தவர்களுக்கு அந்த ஜவ்வு அங்கேயே கிடந்து அழுகுகிறது.

பலம் மட்டும் போதாது, போக்கும் மாறவேண்டும். ஒரே திசையில் ஒரே வேகத்தில் அடித்தால் பவளம் ஒருபக்கமாகச் சாய்ந்தே நிற்கும், ஒருபக்கத் தோல் கிழியும். அலைபோல் கூடிக் குறையும்படி வைக்க வசதியுள்ள வேவ்மேக்கராக வாங்கு. பக்கக் கண்ணாடியில், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழத்தில் ஒட்டு. நேராகப் பவளத்தைப் பார்த்து வைக்காதே. எதிர்க் கண்ணாடியில் மோதிச் சிதறிவரட்டும். முகத்தைச் சற்று மேலே தூக்கு, நீர்மட்டம் நெளியவேண்டும். ஆக்சிஜன் உள்ளே வருவது அந்த நெளிவில்தான். கல்லைப் பின் கண்ணாடியோடு அப்பி மதில் கட்டாதே. பின்னால் கை நுழைகிற இடைவெளியும், நடுவில் வளைவும் விட்டு அடுக்கு. மணல் கொட்டும் முன்பே கல்லை அடிக்கண்ணாடியில் உட்காரவைத்துவிடு, பின்னால் ஏதாவது மீன் மணலைத் தோண்டினாலும் கல் சரியாது. அடுக்கியபின் ஒரு சிட்டிகைத் தீனியைத் தூவிப் பார். எங்கே போய்ப் படிகிறதோ அங்கே ஓட்டம் செத்திருக்கிறது. திருப்பி வை, மறுபடி தூவு.

தண்ணீர் விஷயத்தில் உனக்குக் கர்வம் இருக்கிறது, தெரியும். சிறுவாணியைக் குடித்து வளர்ந்தவள். ஆனாலும் குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு, ஆர்.ஓ. போட்டே ஆகவேண்டும். சமையலறை ஆர்.ஓ.வைப் பிடித்து ஊற்றிவிடலாம் என்று நினைக்காதே. அதில் ருசிக்காகத் தாதுக்களைத் திரும்பக் கலக்கிற ஏற்பாடு இருக்கும். அதைவிட மோசம், இப்போது வீட்டுக்கு வீடு மாட்டியிருக்கும் காப்பர் ஆர்.ஓ. மனுஷனுக்கு நல்லதோ என்னவோ, நத்தைக்கும் இறாலுக்கும் பவளத்துக்கும் தாமிரம் நஞ்சு. செப்புக் குடத்திலும் தண்ணீர் எடுக்காதே. பிளாஸ்டிக் வாளிதான் இதற்கு ஆசாரம். உப்பைத் தொட்டியில் கொட்டாமல் வாளியில் முதல் நாளே கலக்கு. அடர்த்தி 1.025, வெப்பம் 25, 26 டிகிரி. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு போகாது. அதனால் குறைகிறதற்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்றவேண்டும். ரிட்டர்ன் பம்ப் இருக்கும் அறையில்தான் மட்டம் இறங்கும், தானே ஊற்றுகிற மிதவையை அங்கே வை.

சித்திரை வெயிலில் தண்ணீர் முப்பதைத் தாண்டினால் பவளம் வெளுக்கும். 2016இல் மன்னார் வளைகுடாவிலேயே வெளுத்தது, நம் பெட்டி எம்மாத்திரம்? சில்லர் விலை அதிகம். நீர்மட்டத்தின் மேல் சின்ன மின்விசிறி ஓடினால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆவியாதல் கூடும், அவ்வளவே. கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் வேவ்மேக்கர் ஓடட்டும். விளக்கும் ஸ்கிம்மரும் சில மணி நேரம் தூங்கினால் ஒன்றும் ஆகாது. ஆனால் நீர் அசையாமல் நின்றால் மீன்கள் மூச்சுத் திணறிவிடும். ஒயர்கள் எல்லாம் பிளக்குக்கு முன்னால் ஒருமுறை கீழே தொய்ந்து ஏறட்டும், வழிகிற தண்ணீர் தொய்விலேயே சொட்டிவிடும். அண்ணனிடம் சொல்லி ஈ.எல்.சி.பி. போடச்சொல். பைக்கை விட விலை குறைவு.

அப்புறம் மீன். நீலமாக ஒன்று சினிமாவில் வந்ததே, அதை உன் பேரன் கேட்பான். அது ஒரு அடிக்கு வளர்கிற மீன், ரெண்டடித் தொட்டியில் விட்டால் பாவம். ஒரு ஜோடி க்ளவுன் மீன் வாங்கு. கடலில் பிடித்ததை வேண்டாம் என்று சொல், பொரித்து வளர்த்ததாகக் கேள். மண்டபத்தில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சிக்காரர்கள் பொரிக்கும் வழியைக் கண்டுகொண்டு எத்தனையோ பேருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். நீ சென்னை வரும்போது கொளத்தூருக்குப் போவோம். தெருத்தெருவாக மீன் கடை. சோயாந்தஸ், மஷ்ரூம் மாதிரி மென்பவளம் வாங்கினால் பில்லோடு வாங்கு, கையுறை போட்டுத் தொடு. சோயாந்தஸில் சிலதுக்குக் கடும் விஷம் உண்டு, அந்தக் கல்லைக் கொதிநீரில் போட்டுக் கழுவுகிற வேலை மட்டும் வைத்துக்கொள்ளாதே.

உப்பு வாங்குவதற்கு முன்னால் எனக்கு ஒரு காரியம் செய். குழாயெல்லாம் மாட்டி, வெறும் தண்ணீர் விட்டு, பம்ப் ஓடும்போது சம்பில் மட்டம் எங்கே நிற்கிறது என்று ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போடு. மெயினை அணை. தண்ணீர் இறங்கி நின்றபிறகு இன்னொரு கோடு. மேல்கோட்டுக்கும் சம்பின் விளிம்புக்கும் நடுவே எத்தனை விரல் என்று எழுது. நாலு விரலுக்குக் குறைந்தால் உப்பு வாங்காதே. அந்த நாத்தனார் உங்கள் கீழ்வீட்டில்தானே குடியிருக்கிறாள்?

என்றும் உன்,
சிநேகிதி